சீலிங் ஸ்பீக்கர் சரியாகப் பாடவில்லையா? கூரையைக் கடைசியில் தொடுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே தொல்லை உள்ள மற்றவர்களுக்கும் உதவும். செங்கோட்டைப் பக்கத்துப் புளியரையில் புது வீடு. ஹாலில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் நான்கு ஸ்பீக்கர், படுக்கையறையில் இரண்டு. ஆறும் ஆறரை இஞ்ச், 8 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு). டி.வி. அலமாரிக்குள் இடது, வலது என்று இரண்டு சேனல் உள்ள ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) ஒன்று. சாரல் ஆரம்பித்ததிலிருந்து ஹாலில் ஒரு ஸ்பீக்கர் கரகரக்கிறது. பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, முதல் நாளிலிருந்தே இல்லை. சத்தத்தைக் கூட்டினால் சிறிது நேரத்தில் ஆம்ப் தானாக நின்றுவிடுகிறது. டி.வி. போட்டால் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் ஆறு ஸ்பீக்கரையும் மாற்றச் சொல்லிவிட்டார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றாதீர்கள். நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் மூன்றுக்கு ஸ்பீக்கர் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நான்காவதும் ஒரு வயர் முனையோடு முடிந்துபோகிற விஷயமாக இருக்கலாம். ஒருமுறை ஜிப்சத்தில் கை வைத்தால் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, நிறம் ஒத்துவராமல் முழுக் கூரைக்கும் மறுபடி அடிக்க வேண்டிவரும். அதனால் தரையில் நின்று பார்க்க முடிந்ததை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில் ஏணி போடுங்கள்.

தேவையான சாமான் அதிகம் இல்லை. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் பென்சில் செல், ஸ்க்ரூ டிரைவர், பெயர் எழுதி ஒட்ட கொஞ்சம் டேப். அவ்வளவுதான்.

முதல் வேலை, ஆம்ப்பை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் பின்னால் வரும் ஸ்பீக்கர் வயர்களைப் பிரிப்பது. உங்கள் வீட்டில் ஒவ்வொரு சேனலிலும் மூன்று மூன்று வயர் முறுக்கிச் சொருகப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றையும் தனியாக்கி, எந்த ஸ்பீக்கருக்குப் போகிறது என்று கண்டுபிடியுங்கள். ஆம்ப் பக்கத்தில் வயரின் இரண்டு கம்பியையும் பென்சில் செல்லின் இரு பக்கமும் ஒரு நொடி தொட்டு எடுத்தால் மேலே 'டக்' என்று ஒலிக்கும். வீட்டில் யாரையாவது அறையில் நிற்கவைத்து எங்கே சத்தம் கேட்டது என்று சொல்லச் சொல்லுங்கள். பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். இந்த 'டக்' சத்தமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: கேட்டால் வயரும், ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளும் அறுபடவில்லை.

அடுத்தது, மீட்டரை ஓம்ஸில் வைத்து ஒவ்வொரு வயரையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 8 காட்டாது. சுருளின் நேர்மின் தடை 6 முதல் 7 வரைதான் இருக்கும், வயரின் தடை அதோடு கொஞ்சம் சேரும். இது இயல்பு. ஒன்றுமே காட்டவில்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. 1 ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ இரண்டு கம்பியும் ஒட்டியிருக்கிறது. அந்த வயரை ஆம்ப்பில் மாட்டவே கூடாது. ஆறில் ஐந்து 6.8 காட்டி ஒன்று மட்டும் 11 காட்டினாலோ, வயரை அசைக்கும்போது எண் குதித்தாலோ, எங்கோ இணைப்பு சரியில்லை. உங்கள் கரகரப்பு அங்கேதான் இருக்கக்கூடும்.

இப்போது ஆம்ப் தானாக நிற்பதைப் பார்ப்போம். இது கோளாறு இல்லை, கணக்கு. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலில், அதாவது இரண்டின் வயரையும் ஒரே முனையில், சேர்த்தால் 4 ஓம். மூன்றைச் சேர்த்தால் 8-ஐ மூன்றால் வகுங்கள், 2.7 ஓம். வீட்டு ஆம்ப்களின் பின்பக்கம் பெரும்பாலும் 4 முதல் 8 ஓம் வரை என்று அச்சிட்டிருப்பார்கள், சிலவற்றில் 6 முதல் 16 என்று இருக்கும். 2.7-ல் ஓடச் சொன்னால் அதற்குத் தாங்குவதைவிட அதிகக் கரண்ட் போகிறது. மெதுவாக வைத்திருக்கும்வரை பொறுத்துக்கொள்ளும். சத்தம் கூடியதும் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். அதைக் காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வேறு வைத்திருக்கிறீர்கள். ஆம்ப்பின் மேலே ஒரு சாண் இடமாவது காலியாக இருக்கட்டும், செட்டாப் பாக்ஸை அதன் தலையில் வைக்காதீர்கள்.

இதற்குத் தீர்வு மூன்று விதம். ஹாலின் ஒரு பக்கத்து இரண்டு ஸ்பீக்கரைச் சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்தால் 16 ஓம். அதோடு படுக்கையறை 8 ஓமைப் பேரலலில் சேர்த்தால் 5.3 ஓம். ஆம்ப்புக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஹால் ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் படுக்கையறை ஸ்பீக்கருக்குப் போவதில் கால் பங்கு சக்திதான் போகும், படுக்கையறை அலறும். இரண்டாவது, தடையைச் சமாளிக்கும் ஸ்பீக்கர் செலக்டர் பெட்டி வாங்கி நடுவில் வைப்பது. மூன்றாவது, படுக்கையறைக்கு ஒரு சின்ன ஆம்ப் தனியாக வைத்துவிடுவது. என்னைக் கேட்டால் மூன்றாவதுதான். ஹாலில் அப்பா செய்தி கேட்கும்போது உள்ளே நீங்கள் பாட்டுக் கேட்கலாம், ஹாலுக்கும் ஒரு பக்கத்துக்கு 4 ஓம் என்று ஆம்ப்பின் எல்லைக்குள் நிற்கும். உங்கள் ஆம்ப் 6 ஓமுக்குக் கீழே கூடாது என்று போட்டிருந்தால் மட்டும் செலக்டர் பக்கம் போங்கள்.

இந்தச் சோதனையை இன்றைக்கே செய்துவிடலாம்: படுக்கையறை வயர் இரண்டையும் கழற்றிவைத்து, ஹால் மட்டும் மாட்டி, வழக்கமாக நிற்கும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் முடிந்தது வழக்கு.

பேஸ் இல்லாததற்கு வருகிறேன். முதல் நாளிலிருந்தே இல்லை என்றீர்கள், அந்த ஒரு வார்த்தை முக்கியம். பழுதான ஸ்பீக்கராக இருந்தால் முதலில் நன்றாகப் பாடிப் பிறகு கெட்டிருக்கும். ஆரம்பத்திலேயே இல்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது பிளஸ் மைனஸ் மாறியிருப்பதை. ஒரே ஹாலில் இரண்டு ஸ்பீக்கர் பாடும்போது ஒன்றின் கூம்பு (ஒலி எழுப்ப முன்னும் பின்னும் அசையும் பகுதி) முன்னால் தள்ளும் நேரத்தில் இன்னொன்று பின்னால் இழுத்தால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அறை முழுக்க மெலிசாகப் பரவிக் கிடக்கும். கட்டட வேலை நடக்கும்போது பைப்புக்குள் வயர் இழுப்பவர் ஒருவர், கடைசியில் ஸ்பீக்கர் மாட்டுபவர் இன்னொருவர். இரண்டு கம்பியும் ஒரே நிறத்தில், ஒன்றில் மட்டும் மெல்லிய கோடு போட்ட வயராக இருந்தால் மாறிப்போக வெகுநேரம் ஆகாது.

கண்டுபிடிப்பது எளிது. பேஸ் நன்றாக வரும் பாட்டு ஒன்றைப் போட்டு, ஆம்ப்பில் மோனோ பட்டன் இருந்தால் அதை அமுக்கி, ஹாலில் இரண்டு ஸ்பீக்கரை மட்டும் ஓடவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று கேளுங்கள். ஆம்ப்பை அணைத்து, ஒன்றின் வயரை மட்டும் ஆம்ப் முனையில் பிளஸ் மைனஸ் மாற்றிச் சொருகி, அதே பாட்டை அதே இடத்தில் நின்று மறுபடி கேளுங்கள். எந்த நிலையில் தபேலாவும் பேஸ் கிடாரும் நெஞ்சில் தட்டுகிறதோ அதுவே சரி. மற்றவற்றையும் முதல் ஸ்பீக்கரோடு ஒவ்வொன்றாக இப்படி ஒப்பிட்டு வாருங்கள். ஸ்பீக்கரை மூடியிருக்கும் வலையான கிரில் காந்தத்தில் ஒட்டும் வகையாக இருந்தால் கழற்றிவிட்டுப் பென்சில் செல்லால் நேரடியாகவும் பார்க்கலாம். செல்லின் பிளஸ்ஸை வயரின் பிளஸ்ஸில் தொட்டதும் பெரிய கூம்பு அறைப் பக்கமாக வர வேண்டும். 9 வோல்ட் பேட்டரியால் இதைச் செய்யாதீர்கள்.

அதைச் சரிசெய்த பிறகும், ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் கூரையிலிருந்து அடிவயிற்றைக் கலக்கும் பேஸ் தராது. அது அதன் வேலையும் இல்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஒரு சப்ஊஃபருக்கு அனுப்பிவிட்டால் மேலே உள்ள ஸ்பீக்கர்களும் நிம்மதியாகப் பாடும், ஜிப்சமும் அதிராது.

ஒலியைக் கெடுக்கும் இன்னொன்று வயர். அடுத்தவர் வீடு கட்டும்போது படிக்கட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.0175 ஓம் தடை தரும். ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் 15 மீட்டர் என்றால் போக வர 30 மீட்டர், அரை ஓமைத் தாண்டிவிடும். 1.5 சதுர மில்லிமீட்டரில் 0.35 ஓம், 2.5-ல் 0.21 ஓம். ஸ்பீக்கரின் தடையில் 5 சதவீதத்துக்குள், அதாவது 8 ஓமுக்கு 0.4-க்குள் வயர் இருந்தால் நல்லது. ஆக 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். ஒரே தடிமனில் செம்பைவிட அதன் தடை பாதிக்கு மேல் அதிகம், நம் பக்கத்து ஈரத்தில் முனையும் சீக்கிரம் அரித்துப்போகும். விலை குறைவு என்று வாங்கிச் சுவருக்குள் புதைத்துவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து கரகரப்பு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உப்பே டப்பாவில் கட்டிபட்டுப் போகிற காலம். மழை விழாவிட்டாலும் ஜிப்சத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் உள்ள அந்த இருட்டு இடைவெளியில் ஈரம் தங்கி நிற்கும்.

முதலில் குறை ஸ்பீக்கரிலா ஆம்ப்பிலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆம்ப்பை அணைத்துவிட்டு, கரகரக்கும் ஸ்பீக்கரின் வயரை மற்றச் சேனலுக்கு மாற்றுங்கள், அங்கிருந்ததை இங்கே மாட்டுங்கள். அதே ஸ்பீக்கர் கரகரத்தால் குறை வயரிலோ ஸ்பீக்கரிலோ. கரகரப்பு மற்ற ஸ்பீக்கருக்குப் போய்விட்டால் ஆம்ப்பிலோ அதற்கு முன்னாலோ. பின்னதாக இருந்தால் ஆம்ப்புக்குள் வரும் சிவப்பு வெள்ளைப் பின்களை இடம் மாற்றுங்கள். குறையும் கூடவே மாறினால் டி.வி.யோ பிளேயரோ அந்த கேபிளோ, மாறாவிட்டால் ஆம்ப். சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் குமிழுக்குள் அழுக்கு. காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

குறை மேலேதான் என்று உறுதியானால் இப்போது ஏணி. மெயினை அணைத்துவிடுங்கள், பக்கத்தில் டவுன்லைட்டுக்குப் போகும் 230 வோல்ட் வயர் இருக்கும், எலி கடித்து உரித்திருந்தால் உயிருக்கு ஆபத்து. கிரில்லைக் கழற்றினால் விளிம்பில் நான்கு ஸ்க்ரூ தெரியும். அவற்றை இடப்பக்கம் திருப்பினால் உள்ளே போர்டைக் கவ்வியிருக்கும் காது மடங்கும். ஸ்பீக்கரை ஒரு கையால் தாங்கிக்கொண்டே திருப்புங்கள், காந்தம் கனமானது. கையை உள்ளே விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். மலையடிவாரத்து வீடு, பூரானும் தேளும் அந்த இடத்தை விரும்பும்.

இறக்கியதும் பின்பக்கத்து முனைகளைப் பாருங்கள். செம்பில் பச்சைக் களிம்பு ஏறி, விரலால் தொட்டால் மாவாக உதிரும். ஸ்ப்ரிங் முனைக்குள் இரண்டு மூன்று இழை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும், மீதி வெளியே சிலுப்பிக்கொண்டு நிற்கும். சில வீடுகளில் வேட்டாளிக் குளவி அதன்மேலேயே மண்கூடு கட்டியிருக்கும். பட்டுப்போன முனையை ஒரு இஞ்ச் வெட்டித் தள்ளிவிட்டு, புதுச் செம்பு தெரியும்வரை உரித்து, முறுக்கி, ஈயம் பற்றவைத்து மாட்டுங்கள். வழியில் எங்காவது வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தால் அதற்கும் இதே வைத்தியம். நடுக்கூரையில் டேப் ஜாயின்ட் வைப்பதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

முனை சரியாக இருந்தால் கூம்பைச் சோதியுங்கள். ஐந்து விரலையும் பரப்பி, கூம்பின் மேல் சமமாக வைத்து, மெதுவாக அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய்வர வேண்டும். 'சர சர' என்று உரசினால் சுருள் காந்தத்தின் இடுக்கில் தேய்கிறது. துருவோ, சூட்டில் சுருள் உருக்குலைந்ததோ காரணம். அந்த ஒன்றை மாற்றுங்கள், ஒன்றை மட்டும். ஓரத்து வளையம் ரப்பராக இல்லாமல் ஃபோமாக இருந்தால் ஈரத்தில் பொடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கூம்பில் தண்ணீர்க் கறை இருந்தால் ஸ்பீக்கரை விடுங்கள், முதலில் மேலே கசிவு எங்கே என்று தேடுங்கள்.

ஸ்பீக்கருக்குள் ஒன்றுமே இல்லாமல் சுற்றிலும் அதிர்ந்து கரகரப்பதும் உண்டு. டவுன்லைட்டின் ஸ்ப்ரிங், தளர்ந்த கிரில், ஜிப்சத்தைத் தாங்கும் தகரச் சேனல், மேலே மறந்துவிட்ட ஆணி எதுவும் பாடும். ஃபோனில் ஒரே சுருதியை எழுப்பும் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, ஃபோனை ஆம்ப்பில் இணைத்து, 40-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்லிய சத்தத்தில் நகர்த்துங்கள். ஓர் எண்ணில் 'டர்ர்' என்று கிளம்பும். அங்கேயே நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள், தொட்டதும் நிற்பதுதான் குற்றவாளி. திரும்ப மாட்டும்போது பவர் டிரில் வேண்டாம், கையால் முடுக்குங்கள். ஜிப்சம் நொறுங்கினால் காது எதையும் கவ்வாது. செங்கோட்டைப் பக்கத்துப் பழைய மச்சு வீடுகளில் மரப்பலகையில் மாட்டுபவர்கள் பலகைக்கும் வளையத்துக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் பட்டை வையுங்கள்.

ஃபேன் விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், நம் வீடுகளில் இதைக் குறையென்றே தெரியாமல் இருக்கிறார்கள். ஸ்பீக்கர் ஃபேன் இறக்கைக்கு நேர் மேலே இருந்தால், ஒவ்வொரு இறக்கையும் ஒலியை மறித்து மறித்து விடும்; பாடகர் குளிரில் நடுங்கிப் பாடுவதுபோல் கேட்கும். ஃபேனை அணைத்ததும் நின்றால் காரணம் அதுதான். 48 இஞ்ச் ஃபேனுக்கு நடுவிலிருந்து 2 அடி வரை இறக்கை வீசும், ஸ்பீக்கர் அதற்கு நன்றாக வெளியே இருக்க வேண்டும். ரெகுலேட்டரை இரண்டு மூன்றில் வைக்கும்போது மட்டும் 'ஜ்ஜ்' என்று வந்தால் அது வேறு. குமிழ் சீராகச் சுழலும் பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டரின் வேலை. கெபாசிட்டர் வகை ஸ்டெப் ரெகுலேட்டர் மாற்றினால் போய்விடும்.

கடைசியாக அந்த உறுமல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதுதான் 'ம்ம்ம்' என்று கேட்கிறது. ஆம்ப்புக்குள் வரும் எல்லா கேபிளையும் பிடுங்குங்கள். அப்போதும் உறுமினால் ஆம்ப்புக்குள் குறை, கடைக்குக் கொண்டுபோங்கள். நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். டி.வி.யைச் சொருகியதும் வந்தால், டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளைச் செட்டாப் பாக்ஸில் கழற்றிப் பாருங்கள். அங்கே நின்றுபோகும் என்பது என் எதிர்பார்ப்பு. மொட்டைமாடி டிஷ் ஒரு வழியாக எர்த் ஆகிறது, ஆம்ப் பிளக் வழியாக எர்த் ஆகிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவில் சிறு கரண்ட் ஓடி ஆடியோ கேபிளில் ஏறிக்கொள்கிறது. டி.வி., செட்டாப் பாக்ஸ், ஆம்ப் மூன்றையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுங்கள். போகாவிட்டால் டி.வி.யிலிருந்து ஆம்ப்புக்கு ஆப்டிகல் கேபிள் போடுங்கள். அதில் ஒளிதான் போகிறது, உறுமல் ஏற வழியே இல்லை. ஆம்ப்பில் ஆப்டிகல் இல்லையென்றால் சின்ன கன்வர்ட்டர் பெட்டி கிடைக்கும். அப்படிப் போட்டதும் டி.வி. ஆடியோ செட்டிங்கில் பி.சி.எம். என்று மாற்றிக்கொள்ளுங்கள், டால்பியில் விட்டால் பல கன்வர்ட்டர்கள் ஊமையாகிவிடும். எர்த் பின்னை வெட்டினால் உறுமல் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இடி மின்னல் ஊரில் அது விஷப்பரீட்சை.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமினால் உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை. சைன் வேவ் இன்வெர்ட்டரில் அது வராது.

வேறு சிலர் கேட்கும் இரண்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புது ஸ்பீக்கர் எல்லாமே மிக மெலிதாகக் கேட்டால் பின்னால் உள்ள லேபிளைப் பாருங்கள். 100 வோல்ட் லைன் என்று இருந்தால் அது கடைக்கும் மண்டபத்துக்கும் உரியது, உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 50 வாட் வீட்டு ஆம்ப் 8 ஓமில் தருவது 20 வோல்ட். 6 வாட் அளவில் வைத்த அந்த ஸ்பீக்கர் அதில் கால் வாட்கூட எடுக்காது. அதற்கு அதற்கான ஆம்ப்தான் வேண்டும். இன்னொன்று, வீட்டுக்குப் பெயின்ட் அடித்த பிறகு ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கினால் கிரில் துளைகளைப் பாருங்கள். ரோலரை அதன்மேலேயே உருட்டியிருப்பார்கள். கழற்றிச் சுத்தம் செய்தால் உச்ச ஒலி தரும் ட்வீட்டர் திரும்பப் பேசும்.

நீங்கள் முதலில் ஆறு வயரையும் பிரித்து அளந்துவிட்டு அந்த ஆறு எண்களையும், ஆம்ப்பின் பின்பக்கம் ஓம் என்ன போட்டிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். எந்த ஸ்பீக்கரை இறக்க வேண்டும், இறக்கவே வேண்டாமா என்று அதை வைத்துச் சொல்லிவிடுகிறேன்.